உப்புக் காற்று வீசும் வீட்டில் அறைதோறும் ஒலி: தேர்ந்தெடுப்பதும் கையாள்வதும்

பாம்பனுக்கு எதிரே உள்ள மண்டபம் என்ற ஊரில் எங்கள் வீட்டின் பின்தாழ்வாரத்தில் மாட்டியிருந்த ஸ்பீக்கர் ஒன்று, வாங்கிய பதினான்காம் மாதம் கரகரக்கத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது, வயர் செருகும் முனைகளில், புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் செம்பில் படர்வதைப் போலப் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. ஒலியெழுப்பும் கூம்பைச் சுற்றியுள்ள பஞ்சு வளையத்தை விரலால் தொட்டதும் அது ஊறிய அப்பளமாகப் பிய்ந்து வந்தது. சுவரில் பிடித்திருந்த நான்கு திருகுகளில் இரண்டுக்குத் தலையே இல்லை. கடைக்காரர் அதை ‘வாட்டர் புரூஃப்’ என்று சொல்லித்தான் விற்றார். அவர் சொன்னது பொய்யும் அல்ல. பெட்டியில் அச்சிடப்படும் ஐபி 65, ஐபி 66 போன்ற எண்கள் தூசியையும் நன்னீரையும் வைத்துச் சோதித்துத் தரப்படுபவை. உப்பைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. ஆகவே தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள ராமநாதபுரம் கடலோரத்தில் வீடு முழுவதும் பாட்டுக் கேட்கும்படி ஓர் அமைப்பை வைக்க நினைப்பவர், உள்நாட்டு நகரங்களுக்காகச் சொல்லப்படும் ஆலோசனைகளில் பாதியை ஒதுக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இவ்வகை அமைப்பு எதுவானாலும் அதில் மூன்று உறுப்புகள் இருக்கும்: பாட்டு எங்கிருந்து வருகிறதோ அந்த மூலம், அதற்கு வலுவூட்டும் ஆம்ப்ளிஃபயர், அறைகளில் ஒலிக்கும் ஸ்பீக்கர். மின்னணுப் பலகை உள்ள எதையும் காற்று நேரடியாகப் படாத உள்ளறையில் வைத்துவிட்டு, வெளியே போவது வெறும் ஸ்பீக்கரும் வயரும் மட்டுமே என்று முடிவு செய்துகொள்வது நம் கடற்கரைக்கு ஏற்றது. தாழ்வாரத்திலும் மொட்டை மாடியிலும் வைஃபை ஸ்பீக்கர்களை வைத்தவர்கள், அடுத்த ஆண்டே அவற்றின் பலகையைப் பழுது பார்க்க ஆள் தேடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் வீட்டாரைக் கேளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், யார் எந்த இடத்தில் எந்த நேரத்தில் எதைக் கேட்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் காலையில் அடுக்களையில் வானொலி வேண்டும். பாம்பனில் இருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலியையும், தலைமன்னார் தனுஷ்கோடியில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால் இங்கு எளிதாகக் காதில் விழும் இலங்கைப் பண்பலைகளையும் அவர் மாற்றி மாற்றிக் கேட்பார். பிள்ளைகளுக்கு மாடியறையில் கைபேசிப் பாட்டு வேண்டும். விருந்தினர் வரும் நாளில் கூடத்திலும் தாழ்வாரத்திலும் ஒரே பாட்டு ஓட வேண்டும். இப்படி எழுதினால், பத்து அறை உள்ள வீட்டுக்கும் தனித்தனியே இயக்கும் மூன்று அல்லது நான்கு தனிப்பகுதிகளே போதும் என்பது தெரியவரும். ஒவ்வோர் அறையையும் தனிப்பகுதி ஆக்குவதில் பணம்தான் போகும்.

கீழக்கரையில், நடுவில் முற்றம் வைத்த ஒரு பழைய வீட்டில் இதே கேள்வியைக் கேட்டபோது, அந்த வீட்டு உம்மா முதலில் சொன்னது பாட்டைப் பற்றியே அல்ல. “தம்பி, பாங்கு சொன்னா ஒரே தட்டுல எல்லாம் நிக்கணும். ஒவ்வொண்ணாப் போய் அமத்திக்கிட்டு இருக்க முடியாது” என்றார். எல்லாப் பகுதிகளையும் ஒரே விசையால் நிறுத்துவது என்பது விலைப்பட்டியலின் கடைசி வரியில் கிடக்கும் வசதி. தொழுகை அழைப்பான பாங்கின்போது பாட்டை நிறுத்தும் அந்த வீட்டில் அதுவே முதல் தேவையாகி, எந்த ஆம்ப்ளிஃபயரை வாங்குவது என்பதையும் தீர்மானித்தது.

மூன்று வழிகள்

சந்தையில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, அறைக்கு ஒன்றாக வைக்கும் வைஃபை ஸ்பீக்கர். சுவரை உடைக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டுக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் ஆப்பிளின் ஏர்ப்ளே 2, கூகுளின் காஸ்ட், அமேசானின் அலெக்சா ஆகியவை தனித்தனிக் குழுக்கள். ஒன்றில் உள்ள ஸ்பீக்கரை மற்றொன்றின் குழுவில் சேர்த்து ஒரே நேரத்தில் பாடவைக்க முடியாது. எனவே வீட்டில் பெரும்பாலோர் என்ன கைபேசி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்க வேண்டும். புளூடூத்தை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது ஒரு கைபேசிக்கும் ஒரு ஸ்பீக்கருக்கும் இடையிலான உறவு. பத்து மீட்டரைத் தாண்டினால், நடுவில் கான்கிரீட் சுவர் இருந்தால் அதற்கும் முன்பே, அறுந்துபோகும். அதோடு அதில் ஒலி சற்றுத் தாமதமாகவே வருவதால், கூடத்தில் ஓடும் தொலைக்காட்சியும் அடுக்களையில் புளூடூத் வழியாக வரும் அதே பேச்சும் கிணற்றுக்குள் கத்தியதைப் போல இரட்டித்துக் கேட்கும்.

இரண்டாவது, ஓர் ஆம்ப்ளிஃபயரை உள்ளறையில் வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் வயர் இழுத்து, 8 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு) ஸ்பீக்கர்களை மாட்டுவது. ஒலித்தரத்தில் இதுவே மேல். இங்கு நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றே: ஒரே முனையில் மேலும் மேலும் ஸ்பீக்கர்களைச் சேர்ப்பது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில், அதாவது இரண்டின் வயர்களையும் ஒரே முனைகளில், சேர்த்தால் ஆம்ப்ளிஃபயருக்கு 4 ஓம் தெரியும். நான்கைச் சேர்த்தால் 2 ஓம். பெரும்பாலான வீட்டு ஆம்ப்ளிஃபயர்கள் 4 ஓமுக்குக் கீழே போனால் சூடேறித் தம்மை நிறுத்திக்கொள்ளும், அல்லது எரிந்துபோகும். நான்கு ஸ்பீக்கர்கள் வேண்டுமென்றால், இரண்டிரண்டாகத் தொடர் இணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, கோர்த்து, அந்த இரு கோவைகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மீண்டும் 8 ஓம் வந்துவிடும்.

மூன்றாவது, பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் நாம் பார்த்துப் பழகிய 100 வோல்ட் லைன் முறை. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் அந்த வோல்ட்டைக் குறைக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 3 வாட், 6 வாட் என்று அதில் ஓர் அளவைத் தேர்ந்தெடுக்கலாம். 6 வாட் வீதம் எட்டு ஸ்பீக்கர்கள் என்றால் 48 வாட். கையிருப்புக்கு இடம் விட்டு 60 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் ஓம் கணக்கே தேவையில்லை. இந்த 48 வாட்டுக்கு 100 வோல்ட் லைனில் ஓடும் மின்னோட்டம் அரை ஆம்பியருக்கும் குறைவு. அதையே 8 ஓம் வழியில் கொடுத்தால் ஏறக்குறைய 2.4 ஆம்பியர் ஓடும். அதனால் தோப்புக்குள் ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும் கொட்டகைக்கு மெல்லிய வயரே போதும். டிரான்ஸ்ஃபார்மர் தாழ்ந்த ஒலியைச் சற்று விழுங்கிவிடும் என்பது உண்மை. தவில் கேட்கும், அதன் அதிர்வு நெஞ்சில் படாது. மேலும் 100 வோல்ட் கையில் பட்டால் அதிர்ச்சி தரும் அளவு என்பதால் இணைப்புகளை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால், புதிதாகக் கட்டும் வீட்டுக்கு இரண்டாவது வழி. பெரிய வளவுக்கும் தோப்புக்கும் மூன்றாவது. கட்டி முடித்த வீட்டுக்கு, உள்ளறைகளில் மட்டும் முதலாவது. வாட் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். ஒலி இருமடங்கு உரத்துக் கேட்கிறது என்று காது உணர வேண்டுமானால் பத்து மடங்கு வாட் தேவை. 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையில் இருப்பது, ஒலியை அளக்கும் அலகில், வெறும் 3 டெசிபெல். சாதாரணமாக ஓர் அறையில் பாட்டுக் கேட்கும்போது ஓடுவது ஒரு வாட்டுக்கு முன்பின்தான்.

சுவருக்குள் போகும் வயர்

பெட்டிகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவோம். சுவருக்குள் போன வயரை வீடு இருக்கும்வரை மாற்ற மாட்டோம். ஆகவே கையில் உள்ள பணத்தை முதலில் வயருக்குச் செலவிடுங்கள். வயரின் தடை ஸ்பீக்கரின் ஓமில் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. 8 ஓமுக்கு அது 0.4 ஓம். ஆம்ப்ளிஃபயரில் இருந்து 20 மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் இருந்தால், போக வர 40 மீட்டர் செம்பு. அதற்கு 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.7 ஓமும், 1.5-இல் ஏறக்குறைய 0.48 ஓமும், 2.5-இல் 0.3 ஓமும் தடை வரும். எனவே பதினைந்து மீட்டருக்குள் 1.5, அதற்கு மேல் 2.5 என்று வைத்துக்கொள்ளலாம். மலிவாகக் கிடைக்கும் ஸ்பீக்கர் வயர் பலவும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். தடை கூடுதல் என்பது அதன் சிறிய குறை. உப்புக் காற்றில் அந்த அலுமினியம் வெண்பொடியாக உதிர்ந்துவிடும் என்பதே பெரிய குறை. வெளிப்பகுதிக்கு, இழைகளில் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள்.

ஸ்பீக்கர் வயரையும் மின்சார வயரையும் ஒரே குழாயில் போடவே கூடாது. இணையாகப் போகும்போது ஓரடி இடைவெளி விட்டும், குறுக்கே போக நேர்ந்தால் செங்குத்தாகக் கடந்தும் கொண்டு போனால் ரீங்காரம் வராது. ஒவ்வோர் அறைக்கும் ஸ்பீக்கர் வயருடன் ஒரு நெட்வொர்க் வயரையும் சேர்த்துப் போடுங்கள். கான்கிரீட் சுவர்களுக்கு இடையே வைஃபை திணறும் வீட்டில், பிற்காலத்தில் அதுதான் கைகொடுக்கும்.

கூரையில் புதைக்கும் வட்ட ஸ்பீக்கர்களைப் படத்தில் பார்த்துவிட்டு, கான்கிரீட் தளத்தைக் கொத்தி அவற்றைப் பதிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். தளத்துக்குள் இருக்கும் கம்பியை உப்பிடம் இருந்து காப்பது அதன் மேல் உள்ள சில சென்டிமீட்டர் கான்கிரீட்தான். அதைக் கொத்திவிட்டால் கம்பி துருவேறி வீங்கி, காரை பெயர்ந்து விழும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிடம் இருந்து காக்க எத்தனை தலைமுறை வண்ணம் அடித்தது என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் போட்டதற்கும் அதே உப்புதான் காரணம். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதில் வட்ட ஸ்பீக்கர் வைக்கலாம். இல்லையென்றால் சுவரின் மேல்மூலையில் மாட்டும் பெட்டி ஸ்பீக்கரே போதும். வழவழப்பான டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள நம் கூடங்களில் ஒலி எதிரொலிக்கும். எதிரொலி கூடுதலாக இருந்தால் கனத்த திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டு, தரையில் பெரிய பாய் ஒன்றை விரித்துப் பாருங்கள்.

பூச்சு வேலைக்கு முன் ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். ஆம்ப்ளிஃபயர் பக்கமுள்ள வயர் முனைகளில் ஒரு 1.5 வோல்ட் டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டால், மறுமுனையில் உள்ள ஸ்பீக்கர் ‘டப்’ என்று ஒலிக்கும். செல்லின் நேர்முனை சரியான வயரில் பட்டிருந்தால் கூம்பு வெளியே தள்ளும். மாறியிருந்தால் உள்ளே இழுக்கும். ஒரே அறையில் உள்ள இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று தள்ளி ஒன்று இழுத்தால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ‘ஸ்பீக்கர் சரியில்லை’ என்று கடைக்குத் திரும்பி வருபவற்றில் சில இந்த வகைதான்.

வெளியே மாட்டும்போது

எந்தச் சுவரில் மாட்டுவது என்பதைக் காற்றைப் பார்த்துத் தீர்மானியுங்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் வீடு இருந்தால் கச்சான் காற்று மாதக்கணக்கில் தென்மேற்கில் இருந்து உப்பை அள்ளி வீசும்; பாக் நீரிணைப் பக்கம் வாடைக் காற்று மழையோடு வடகிழக்கில் இருந்து அடிக்கும். ஸ்பீக்கரின் முகம் காற்று வரும் திசையைப் பார்க்காமல், சன்ஷேடுக்கு அடியில் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். கூம்பு காகிதத்தில் இல்லாமல் பாலிபுரொப்பிலீனிலும், அதைச் சுற்றிய வளையம் பஞ்சில் இல்லாமல் ரப்பரிலும், வலை இரும்பில் இல்லாமல் அலுமினியத்திலும் இருக்க வேண்டும். திருகு, தாங்கி ஆகியவை 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கடைகளில் சாதாரணமாகத் தரும் 304-இல் இல்லாத மாலிப்டினம் அதில் இருப்பதால் உப்பைத் தாங்கும். முனைகளை இறுக்கிய பின் அவற்றின் மேல் வாசலின் தடவிவிட்டு, வாடை தொடங்கும் முன் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். எனவே மாடியின் ஒரு மூலையில் பெரிய பெட்டியை வைத்து அலறவிடுவதைவிட, நான்கு சிறிய ஸ்பீக்கர்களைப் பரப்பி வைத்து மெல்லமாக ஓடவிடுவது, கேட்பவருக்கும் அடுத்த வீட்டாருக்கும் நல்லது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன.

மின்சாரம்

ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்டெபிலைசரும், அதற்கு முன் இடி, மின்னலில் வரும் திடீர் மின்னெழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் தேவை. எர்த் சரியாக இல்லாவிட்டால் அந்தப் புரொடெக்டர் வெறும் அலங்காரம். நம் மணலில் புதைத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் சில ஆண்டுகளில் அரித்துப்போவதால், செம்பு பூசிய எர்த் கம்பியைப் பதிக்கச் சொல்லுங்கள். மாடிக்குப் போகும் ஸ்பீக்கர் வயர்களை ஆம்ப்ளிஃபயரில் பிளக் வைத்து இணைத்தால், ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது பிடுங்கிவிடலாம். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஸ்பீக்கரில் உறுமல் கேட்கும். சைன் அலை இன்வெர்ட்டரே வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து மச்சானோ மாமாவோ கொண்டுவரும் பெட்டியை மாட்டுவதற்கு முன் அதன் பின்புறச் சீட்டைப் படியுங்கள். வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா ஆகியவற்றில் வாங்கியது என்றால் பெரும்பாலும் பிளக்கை மாற்றினாலே போதும். அமெரிக்காவில் இருந்து வந்ததில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால், நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியே அதன் கதை முடிந்துவிடும்.

சும்மா இருக்கும்போது 10 வாட் எடுக்கும் பெட்டிகள் நான்கு இருந்தால், இரண்டு மாதத்தில் 57 யூனிட்டுக்கு மேல் ஆகும். இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் ஒரு நல்ல பங்கு ஒன்றும் பாடாமலே தீர்ந்துவிடும் என்பதால், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சுவிட்ச் வையுங்கள்.

கையாளும் வழி

ஆம்ப்ளிஃபயர் வாங்குவதைவிட, அதை யார் எதைத் தொட்டு இயக்குவார்கள் என்பதைத் தீர்மானிப்பதுதான் கடினம். கைபேசிச் செயலியில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் நானும் முதலில் அமைத்தேன். அம்மா சாளை மீனைச் செதில் உரசிக்கொண்டிருக்கும்போது செய்தி தொடங்கும். கையைக் கழுவி, துடைத்து, கைபேசியைத் திறந்து, செயலியைத் தேடி, அடுக்களையைத் தொடுவதற்குள் செய்தி முடிந்துவிடும். “இந்தத் தடவுற போனெல்லாம் எனக்கு வேணாம்டா, ஒரு திருகு வச்சுக் குடு” என்றார். இப்போது அடுக்களைச் சுவரில், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில், ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. முழங்கையாலேயே அவர் அதைத் தள்ளிவிடுகிறார். இவ்வாறு சுவரில் வைக்கும் திருகு, ஓம் அளவைச் சமன்செய்யும் டிரான்ஸ்ஃபார்மர் வகையாக இருக்க வேண்டும்; விலை குறைந்த மின்தடை வகை, ஆம்ப்ளிஃபயரின் வலுவைச் சூடாக மாற்றி வீணடிக்கும். 100 வோல்ட் லைனுக்கு அதற்கெனத் தனி வகை உண்டு.

ஒவ்வொரு பகுதியிலும் ஒலியைக் கூட்டிக் குறைக்கக் கையால் தொடும் பொருள் ஒன்று, எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்த நடுக்கூடத்தில் ஒரு விசை, பாட்டைத் தேர்ந்தெடுக்க மட்டும் கைபேசி என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. குரலால் இயக்குவதை ஒரு கூடுதல் வசதியாக வைத்துக்கொள்ளலாம். மின்விசிறி வேகமாகச் சுழலும் கூடத்தில் அது பாதி நேரம் தவறாகத்தான் கேட்கும். இணையம் அறுந்த நாளிலும் வேலை செய்யும்படி ஒரு பண்பலை ரேடியோவும் ஒரு பென் டிரைவ் துளையும் கட்டாயம் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வரும் நாளில்தான் இணையம் போகும். பண்பலை தெளிவாக எடுக்க, முக்கால் மீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிகளை எதிரெதிராக நீட்டி மாடிப்படி அறையின் மேலே கட்டினாலே போதும்.

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து மீண்டும் செருகுங்கள். பேசாமல் இருக்கிறதா, விட்ட அளவிலேயே தொடர்கிறதா, அல்லது முழு ஒலியில் கத்துகிறதா என்று கவனியுங்கள். சில மலிவான பலகைகள், மின்சாரம் வந்ததும் தாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை ஒரு பெண் குரலில் உரக்க அறிவிக்கும். இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் மொட்டை மாடியில் இருந்து “புளூடூத் மோட்” என்று அவள் கூவியதில், எதிர்வீட்டு நாய் விடியும்வரை ஓயவில்லை.

வயர் இழுத்து முடிந்ததும், சுவரைப் பூசுவதற்கு முன் வயர் போகும் பாதையை அறைவாரியாகப் படமெடுத்து வையுங்கள். ஆம்ப்ளிஃபயர் இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில், எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது, எத்தனை ஓம், எந்தத் திருகு எதற்கு என்பதைத் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். மையால் எழுதினால் ஈரத்தில் கலைந்துவிடும்; பென்சிலால் எழுதுங்கள்.